எலியில் கட்டி கரைந்தது என்றால், அதை யார் பார்த்துச் சொன்னது?

“எலியில் புற்றுநோய் குணமாகிவிட்டது” என்ற செய்தி டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வந்து விழுகிறது. வீட்டில் யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருந்தால் அது இன்னும் வேகமாகச் சுற்றும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: எலிக்குக் குணமாக்கிய மருந்தை அத்தைக்கு ஏன் இன்னும் கொடுக்கவில்லை?

நியாயமான கேள்விதான். பதிலைத் தேட வேண்டுமானால் மருந்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, “கட்டி கரைந்தது” என்ற முடிவு எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பல ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு பொதுத் திசு ஆய்வகத்தில் பிறக்கிறது. ஆய்வாளர்கள் அதைக் கோர் ஃபெசிலிட்டி என்றும், பேச்சுவாக்கில் வெறுமனே கோர் என்றும் சொல்வார்கள். மருந்தைக் கண்டுபிடித்தவரின் படம் செய்தியில் வரும். இந்த ஆய்வகத்தின் பெயர் வராது. அங்கே ஒரு சதைத் துண்டு தவறாக வெட்டப்பட்டால், ஒரு ஸ்லைடு தவறாகப் படிக்கப்பட்டால், அதன்மேல் எழுந்த செய்தி முழுவதும் தவறாகிவிடும்.

முதலில் சில சொற்கள்

ஆர்.கே.கான் மருத்துவமனையில் ஒரு பெண்ணின் மார்பிலிருந்து ஊசியால் ஒரு துணுக்குச் சதை எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது புற்றா இல்லையா என்று சொல்பவர் அவருக்கு ஊசி போட்ட மருத்துவர் இல்லை. அந்தத் துணுக்கை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் வேறொரு மருத்துவர். நோயாளி அவரைச் சந்திப்பதே இல்லை. அவருடைய துறைதான் நோய்க்குறியியல், அதாவது பேத்தாலஜி. இதே வேலையை ஆய்வக விலங்கின் சதையில் செய்தால் அது விலங்கு நோய்க்குறியியல்.

அடுத்து, எலி. செய்திகள் எல்லாவற்றையும் எலி என்றே எழுதிவிடுகின்றன. புற்றுநோய் ஆய்வில் பெரும்பங்கு சுண்டெலியுடையது. எடை 20 முதல் 30 கிராம். கர்ப்பம் மூன்று வாரம். ஆறு முதல் எட்டு வாரத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயார். ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டு. மனிதரில் பல ஆண்டுகள் எடுக்கும் மாற்றத்தைச் சில மாதங்களில் பார்க்கலாம் என்பதே அதன் பயன்.

இன்னொன்று, வம்சம். அண்ணன் தங்கையை 20 தலைமுறைக்கு மேல் இணைசேர்த்து, மரபணுவில் ஏறத்தாழ ஒரே அச்சாக ஆக்கப்பட்ட சுண்டெலிகள் இவை. சி57 பிளாக் 6 என்ற கறுப்புச் சுண்டெலி இவற்றில் மிகப் பரவலானது. ஒவ்வொரு வம்சத்துக்கும் அதற்கே உரிய நோய்கள் உண்டு. இது பின்னால் முக்கியமாக வரும்.

சுண்டெலியில் புற்றை உண்டாக்க மூன்று வழிகள்:

1. புற்றுசெல்களைத் தோலுக்கடியிலோ உறுப்புக்குள்ளோ செலுத்துவது. மனிதச் செல்லாக இருந்தால், அதை எதிர்த்து விரட்டாத, நோயெதிர்ப்பு ஆற்றல் இல்லாத சுண்டெலி வேண்டும்.
2. மரபணுவை மாற்றுவது. பி53 என்ற காவல் மரபணு இல்லாத சுண்டெலிகள் 1992இல் வந்தன. மரபணுவைக் குறிபார்த்து மாற்றும் இந்தக் கலைக்குத்தான் 2007இல் கப்பெக்கி, எவன்ஸ், ஸ்மித்திஸ் மூவருக்கும் நோபெல் பரிசு.
3. புற்றைத் தூண்டும் ரசாயனத்தைக் கொடுப்பது.

அளவுகோல் சொல்வதும் சொல்லாததும்

தோலுக்கடியில் வளரும் கட்டியை ஆய்வாளர்கள் காலிப்பர் என்ற அளவுகோலால் அளப்பார்கள். நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுப்பது வழக்கம். 10 மில்லிமீட்டர் நீளம், 8 மில்லிமீட்டர் அகலம் என்றால் 320 கன மில்லிமீட்டர். செய்தியில் வரும் “கட்டி பாதியாகச் சுருங்கியது” பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

இந்தக் கணக்குக்குக் கட்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. மருந்து செல்களைக் கொன்றிருக்கலாம். செத்த சதை இன்னும் அகலாததால் அளவு அப்படியே இருக்கும். நோயெதிர்ப்புச் செல்கள் கூட்டமாக உள்ளே புகுந்து கட்டியை வீங்க வைத்திருக்கலாம். காலிப்பரில் நோய் கூடியதுபோலத் தெரியும், உண்மையில் மருந்து வேலை செய்கிறது. மறுபக்கமும் உண்டு. ரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் சதைக்குள் 100 முதல் 200 மைக்ரோமீட்டர் தூரம்தான் போகும் (ஆயிரம் மைக்ரோமீட்டர் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). வேகமாக வளரும் கட்டியின் நடுப்பகுதி பிராணவாயு கிடைக்காமல் தானாகவே செத்துப்போகும். அதைப் பார்த்துவிட்டு “மருந்து கொன்றது” என்று எழுதினால் அது பொய்.

இவற்றைப் பிரித்துச் சொல்ல மைக்ரோஸ்கோப் வேண்டும், அதற்கு முன் நல்ல ஸ்லைடு வேண்டும்.

சதையிலிருந்து ஸ்லைடு வரை

இந்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. பிழைகளில் பாதி இங்கேதான் நுழைகின்றன.

1. எடுத்தல். ஜூன், ஜூலையில் நம் தென்கரையில் சார்டீன் ரன் வரும்போது மீன் வாங்கியவர்களுக்குத் தெரியும்: மத்தியை உடனே ஐஸில் போடாவிட்டால் வயிறு உடைந்துவிடும். மீனின் குடலிலுள்ள செரிமான நொதிகள் மீனையே தின்னத் தொடங்கிவிடுகின்றன. சுண்டெலியின் குடலிலும் இதுவே நடக்கிறது, அதுவும் சில நிமிடங்களில். அதனால் விலங்கை வலியில்லாமல் முடித்த கையோடு உறுப்புகளை எடுத்துவிட வேண்டும். இரவில் கூண்டிலேயே செத்துக் காலையில் கண்டெடுக்கப்பட்ட சுண்டெலியிடமிருந்து அதிகம் கற்றுக்கொள்ள முடியாது.

2. நிலைநிறுத்தல். சதையை அழுகவிடாமல், எடுத்த கணத்தில் இருந்தபடியே நிறுத்துவது ஃபார்மலின். 10 சதவீத ஃபார்மலின் என்றால் ஏறக்குறைய 4 சதவீத ஃபார்மால்டிஹைடு. சதையைப்போல் பத்து முதல் இருபது மடங்கு திரவம் வேண்டும். மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் அது உள்ளே இறங்கும். சின்னக் குப்பியில் பெரிய கட்டியைத் திணித்தால் வெளிப்புறம் நன்றாக இருக்கும், உள்ளே கெட்டிருக்கும். பொதுவாக 24 முதல் 48 மணி நேரம். வாரக்கணக்கில் மறந்துவிட்டால் புரதங்கள் இறுகி, பிறகு செய்யும் சிறப்புச் சாயங்கள் பிடிக்காமல் போகலாம்.

ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. நுரையீரலை அப்படியே போட்டால் காற்றுப்போன பலூன்போலச் சுருங்கிவிடும். மூச்சுக்குழாய் வழியாக ஃபார்மலினைச் செலுத்தி அதை விரித்த பிறகே எடுக்க வேண்டும். குடலை நீளவாக்கில் கீறித் திறந்து, கழுவி, பாயைச் சுருட்டுவதுபோல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுருட்டுவார்கள். இதற்கு ஸ்விஸ் ரோல் என்று பெயர். அப்படிச் செய்தால் ஒரே ஸ்லைடில் குடலின் முழு நீளமும் சுருள் சுருளாகத் தெரியும். எங்கோ ஒரு மூலையில் கடுகளவு இருக்கும் கட்டி தப்பிவிடும் வாய்ப்பு குறையும். எலும்பென்றால் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்தெடுக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

3. மெழுகேற்றல். சதையிலுள்ள நீரை ஆல்கஹாலால் படிப்படியாக வெளியேற்றி, ஆல்கஹாலைச் சைலீனால் நீக்கி, 60 டிகிரி அளவில் உருகிய பாரஃபின் மெழுகை உள்ளே ஏற்றுவார்கள். இதை இயந்திரம் இரவோடு இரவாகச் செய்துவிடும். மருத்துவமனையில் மனிதச் சதைக்கு வைத்திருக்கும் நேரக்கணக்கைச் சுண்டெலிச் சதைக்கு அப்படியே வைத்தால், சின்னத் துண்டு என்பதால் வறண்டு பொரபொரத்துவிடும். மருத்துவமனை ஆய்வகத்திடம் “இதையும் கொஞ்சம் செய்து கொடுங்கள்” என்று கேட்பது ஏன் சரிவராது என்பதற்கு இது ஒன்றே போதும்.

4. சீவுதல். மெழுகுக் கட்டியைப் பனிக்கட்டிமேல் குளிரவைத்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் பொருத்துகிறார்கள். கைச்சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் 4 அல்லது 5 மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு சீவல், தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரிப்பன்போல நீளும். தொழில்நுட்பர் அதைத் தூரிகை நுனியால் தாங்கி, 40 டிகிரிக்குச் சற்று மேலுள்ள வெந்நீரில் மிதக்கவிடுவார். மெழுகு இளகிச் சுருக்கம் மெல்ல விரியும். விரிந்த கணத்தில் கண்ணாடித் தகட்டைச் சாய்வாக நீருக்குள் இறக்கி, சீவலை அதன்மேல் ஏந்திக்கொள்வார். கொஞ்சம் தாமதித்தால் செல்கள் பிய்ந்து விலகும். அவசரப்பட்டால் மடிப்பு விழும். கத்தியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடிப் பல் இருந்தாலும் ஸ்லைடின் குறுக்கே ஒரு கோடு ஓடும். இதைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது, கை பழகப் பல மாதம் ஆகும்.

5. சாயமேற்றல். மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வைரம் பாய்ந்த உள்கட்டையிலிருந்து எடுக்கும் ஹெமட்டாக்சிலின் செல்லின் கருவை நீலமும் ஊதாவுமாக்கும். இயோசின் மற்றதையெல்லாம் இளஞ்சிவப்பாக்கும். நூறாண்டுக்கு மேலாக இந்த ஜோடிதான் பேத்தாலஜியின் அடித்தளம். கரு பெருத்து, கறுத்து, வடிவம் கோணலாகி, கண்ட இடத்தில் செல்கள் பிளந்துகொண்டிருந்தால் புற்று என்று சந்தேகம் எழும்.

அப்புறம் சிறப்புச் சாயங்கள். குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் எதிர்பொருளைப் பயன்படுத்தி, பிளந்துகொண்டிருக்கும் செல் எது, தற்கொலை செய்துகொள்ளும் செல் எது, டி செல் என்ற நோயெதிர்ப்புச் செல் எங்கே என்றெல்லாம் காட்டலாம். இதில் சுண்டெலிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மனித நோயாளிக்கு மருத்துவமனை பயன்படுத்தும் எதிர்பொருள்களில் பல சுண்டெலியிடமிருந்தே செய்யப்பட்டவை. அவற்றைச் சுண்டெலிச் சதையில் போட்டால், இரண்டாம் கட்டச் சாயம் அந்தச் சதையில் இயல்பாகவே இருக்கும் சுண்டெலி எதிர்பொருளையும் பிடித்துக்கொள்ளும். ஸ்லைடு முழுக்கப் பழுப்பேறிவிடும். அனுபவமில்லாதவர் அதைப் பார்த்து “எல்லா இடத்திலும் புரதம் இருக்கிறது” என்று எழுதிவிடக்கூடும். முயலில் செய்த எதிர்பொருளையோ இதற்கென உள்ள தடுப்பு முறைகளையோ பயன்படுத்தத் தெரிந்தவர் வேண்டும்.

ஒரு பானைச் சோறும் ஒரு கட்டியும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானைக்குள் எல்லா அரிசியும் ஒரே சூட்டில், ஒரே தண்ணீரில் வேகிறது. அதனால் அந்தச் சோதனை சரி. கட்டி அப்படி இல்லை. ஒரு ஓரத்தில் உயிருள்ள புற்று, நடுவில் செத்த சதை, வேறொரு ஓரத்தில் நோயெதிர்ப்புச் செல்களின் முற்றுகை என்று இடத்துக்கு இடம் மாறும்.

10 மில்லிமீட்டர் கட்டியை 5 மைக்ரோமீட்டராகச் சீவினால் 2000 சீவல்கள் வரும். ஆய்வாளர் ஒரு ஸ்லைடைப் பார்க்கிறார் என்றால் 2000இல் ஒன்றைப் பார்க்கிறார். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மருந்து கொடுத்த குழுவில் கட்டியின் நடுவிலிருந்தும், கொடுக்காத குழுவில் ஓரத்திலிருந்தும் சீவல் எடுத்திருந்தால், எந்த மருந்தும் இல்லாமலேயே “மருந்து கொன்றது” என்று முடிவு வந்துவிடும். யாரும் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டியதில்லை. நல்ல கோர் ஆய்வகம் இதனால்தான் கட்டியை எந்தத் திசையில் பிளப்பது, எத்தனை ஆழத்தில் சீவல் எடுப்பது என்று ஆய்வு தொடங்குமுன்பே எழுதி வைக்கும். நுரையீரலுக்குப் பரவிய துளிப் புற்றுகளைத் தேடும்போது, குறிப்பிட்ட இடைவெளி விட்டுப் பல ஆழங்களில் வெட்டிப் பார்க்கும். ஒரே ஆழத்தில் வெட்டி “பரவவில்லை” என்பது ஒரு தெருவை மட்டும் பார்த்துவிட்டு ஊரில் யாருமில்லை என்பதற்குச் சமம்.

அப்புறம், படிப்பவரின் மனம். எந்த ஸ்லைடு மருந்துக் குழுவுடையது என்று தெரிந்தால், நல்ல எண்ணம் உள்ளவரின் கண்ணும் ஒரு பக்கம் சாயும். அதனால் மதிப்பெண் போடும் கட்டத்தில் குழுவின் பெயரை மறைத்து, வெறும் எண்ணோடு ஸ்லைடைக் கொடுப்பார்கள்.

சுண்டெலி ஒரு குட்டி மனிதர் இல்லை

மனித நோய்க்குறியியலில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவரும் சுண்டெலி ஸ்லைடில் தடுமாறலாம். அவரது திறமையில் குறை ஏதுமில்லை. சுண்டெலியின் உடலமைப்பு வேறு. சில உதாரணங்கள்:

1. சுண்டெலியின் மண்ணீரல் வாழ்நாள் முழுதும் ரத்தச் செல்களை உற்பத்தி செய்கிறது. அங்கே கரு பெருத்த ராட்சசச் செல்கள் சாதாரணமாக இருக்கும். வளர்ந்த மனிதரின் மண்ணீரலில் அப்படி இருந்தால் நோய். மனித ஸ்லைடு பழகிய கண் “புற்று பரவிவிட்டது” என்று சொல்ல இடமுண்டு.

2. சுண்டெலிக்கு இரைப்பையின் முன்பாதி சுரப்பியில்லாத, தோல் போன்ற பரப்பு. மனிதருக்கு அந்தப் பகுதியே கிடையாது. அங்கே வரும் கட்டியை மனித வயிற்றுப் புற்றோடு நேராக ஒப்பிட முடியாது.

3. பி53 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதாகப் பிறக்கும் மனிதக் குடும்பங்களில் மார்பகப் புற்று அதிகம். அதே மரபணுவை முற்றிலும் இழந்த சுண்டெலிகளுக்குப் பெரும்பாலும் தைமஸ் சுரப்பியில் நிணநீர்ப் புற்று வருகிறது.

4. ஏ/ஜே வம்சத்துக்கு நுரையீரல் கட்டி தானாகவே வரும். ஏகேஆர் வம்சத்துக்குத் தைமஸ் புற்று. வயதான பிளாக் 6க்கு நிணநீர்ப் புற்று. இதெல்லாம் தெரியாமல் “நாங்கள் மாற்றிய மரபணுவால்தான் வந்தது” என்று சொல்லிவிடும் ஆபத்து நிஜமானது.

இதற்கு ஒரு வரலாற்றுச் சம்பவம் உண்டு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஃப்ரெடரிக் வளாகத்தில், 1990களின் தொடக்கத்தில், எந்த ரசாயனமும் கொடுக்காத ஒப்பீட்டுச் சுண்டெலிகளுக்கே கல்லீரல் அழற்சியும் கட்டியும் வந்தன. ஒப்பீட்டுக் குழுவுக்கே நோய் வந்தால் ஆய்வு எதை எதோடு ஒப்பிடும்? விலங்கு நோய்க்குறியியலாளர்கள் கல்லீரல் ஸ்லைடுகளுக்கு வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது, பித்தநீர் ஓடும் நுண்குழல்களில் சுருள் வடிவப் பாக்டீரியா தெரிந்தது. ஹெலிகோபாக்டர் ஹெபாட்டிகஸ் என்று 1994இல் அதற்குப் பெயரிட்டார்கள். சுண்டெலிக் கூடங்களில் பரவிக் கிடந்த ஒரு தொற்று, புற்றை உண்டாக்கிக்கொண்டிருந்தது. ஸ்லைடைப் பார்க்கத் தெரிந்த கண் இல்லாதிருந்தால், அந்தக் கட்டிகள் ஏதோ ஒரு ரசாயனத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

இன்னொரு பொறி இன்றைக்கும் இருக்கிறது. நோயாளியின் புற்றுத் துண்டை எதிர்ப்பாற்றல் இல்லாத சுண்டெலியில் நட்டு வளர்த்து, அதன்மேல் மருந்தைச் சோதிக்கும் முறை பரவலாகிவிட்டது. சில சமயம் அங்கே வளர்வது நட்ட புற்றே கிடையாது. துண்டோடு சேர்ந்துபோன மனித பி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள், உள்ளே உறங்கிக்கொண்டிருந்த எப்ஸ்டைன்-பார் வைரஸால் தூண்டப்பட்டு நிணநீர்ப் புற்றாக வளர்ந்திருக்கும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வீக்கம்தான். ஸ்லைடு எடுத்துச் சோதிக்காதவர், நுரையீரல் புற்று என்று நம்பி நிணநீர்ப் புற்றுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார்.

கோயில் அண்டா

நம் கோயில்களில் பெரிய அண்டாக்கள் இருக்கும். கல்யாணத்துக்கும் காவடிக்கும் அவற்றில்தான் சமைக்கிறோம். ஆண்டுக்கு ஒருநாள் தேவைப்படுவதற்காக ஒவ்வொரு வீடும் ஐந்நூறு பேருக்கான அண்டா வாங்கி வைப்பதில்லை. அண்டாவைவிட முக்கியம், அதில் சமைக்கத் தெரிந்தவர். நாலு பேருக்குச் சமைப்பவர் ஐந்நூறு பேருக்கு உப்புப் போட முடியாது.

பொதுத் திசு ஆய்வகத்தின் தேவையும் இப்படித்தான். நான்கு குழு, குழுவுக்குப் பத்துச் சுண்டெலி, ஒவ்வொன்றிலும் எட்டு உறுப்பு என்று ஒரு சிறிய ஆய்வை எடுத்துக்கொண்டாலும் 320 மெழுகுக் கட்டிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று சாயம் என்றால் 960 ஸ்லைடு. ஸ்லைடுக்கு மூன்று நிமிடம் செலவிட்டாலும் படிக்க மட்டும் 48 மணி நேரம். முனைவர் பட்ட மாணவர் ஒருவர் மைக்ரோடோமை முதல்முறையாகத் தொட்டு இதைச் செய்து முடிப்பார் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நல்லதில்லை, விலங்குக்கும் நல்லதில்லை.

பொது ஆய்வகத்தின் இன்னொரு நன்மை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: ஒரே கை, ஒரே சாயம், ஒரே நாள். சாயத்தின் நிறம் புட்டிக்குப் புட்டி மாறும். மருந்துக் குழுவுக்குத் திங்கட்கிழமையும் ஒப்பீட்டுக் குழுவுக்கு வெள்ளிக்கிழமையும் சாயமேற்றினால் நிறத்தின் வேறுபாடே முடிவாகிவிடலாம். கோரில் இரண்டு குழுவின் ஸ்லைடுகளும் ஒரே தட்டில் போகும். ஏற்கெனவே சரியாக வேலை செய்வதாகத் தெரிந்த ஒரு சதைத் துண்டும் கூடவே போகும். அது பிடிக்காவிட்டால் அந்தத் தட்டு முழுவதையும் நிராகரிக்க வேண்டும்.

என் பார்வையில் இந்தச் சேவையின் மிகப் பெரிய பயன், ஆய்வு தொடங்குமுன் நடக்கும் அரைமணி நேரப் பேச்சு. எந்த உறுப்பு, எந்த நாளில், எந்தத் திரவத்தில் என்று நோய்க்குறியியலாளரிடம் முன்பே கேட்டுக்கொண்டால் பின்னால் அழ வேண்டியதில்லை. எல்லாம் முடிந்த பிறகு குப்பிகளை மேசைமேல் வைத்து “இதில் என்ன தெரிகிறது?” என்று கேட்பவருக்கு, பல சமயம் ஒன்றும் தெரியாது என்பதே நேர்மையான பதில்.

தென்னாப்பிரிக்காவில் இது ஏன் முக்கியம்

இந்த நாட்டுக்கும் ஆய்வகச் சுண்டெலிக்கும் பழைய உறவு உண்டு. 1899இல் பிரிட்டோரியாவில் பிறந்த மேக்ஸ் தைலர், மஞ்சள் காய்ச்சல் ஆய்வுக்குக் குரங்குக்குப் பதில் சுண்டெலி போதும் என்று 1930இல் காட்டினார். அந்த வழியில் உருவான தடுப்பூசிக்காக 1951இல் நோபெல் பரிசு பெற்றார். அவருடைய தந்தை அர்னால்டு தைலர் 1908இல் தொடங்கியதுதான் ஆண்டர்ஸ்டெபோர்ட் ஆய்வு நிலையம். நாட்டின் கால்நடை மருத்துவப் புலம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

டர்பனுக்கு நெருக்கமான கதை வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கிறது. இந்தியர்களுக்கென்று ஒதுக்கி 1960களின் தொடக்கத்தில் சாலிஸ்பரித் தீவில் தொடங்கிய கல்லூரி, பின்னர் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004இல் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் கலந்தது. நம் தாத்தா பாட்டி படகேறிப்போய்ப் படித்த கல்லூரியின் வாரிசான அந்த வளாகத்தில் இன்று ஆய்வக விலங்குகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் ரிசோர்ஸ் யூனிட் இயங்குகிறது.

இங்கே ஆய்வு செய்ய வேண்டிய புற்றுகள் இங்கத்தியவை. கிழக்குக் கேப்பின் பழைய டிரான்ஸ்கை பகுதியில் உணவுக்குழாய்ப் புற்று உலக அளவில் கவனிக்கப்படும் அளவுக்கு அதிகம். கருப்பை வாய்ப் புற்று இன்னும் பெண்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. அதை உண்டாக்கும் எச்பிவி வைரஸைத் தடுக்கும் ஊசி 2014 முதல் அரசுப் பள்ளிச் சிறுமிகளுக்குப் போடப்படுகிறது. இரண்டிலும் சுண்டெலி சொந்தமாக ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. சுண்டெலியின் உணவுக்குழாய் உள்பரப்பு இயல்பிலேயே தோல்போலக் கெட்டித்திருக்கும். மனிதருக்கு அப்படி இருந்தால் அது மாற்றத்தின் அறிகுறி. மனித எச்பிவி வைரஸோ சுண்டெலியைத் தொற்றாது. அதன் மரபணுக்களைச் சுண்டெலிக்குள் புகுத்தித்தான் ஆய்வு செய்ய வேண்டும். வேறு நாட்டில் வேறு புற்றுக்காக எழுதிய கையேட்டை வைத்துக்கொண்டு இந்த ஸ்லைடுகளைப் படித்துவிட முடியாது.

பற்றாக்குறை ஆட்களில்தான். சுண்டெலி ஸ்லைடைப் படிக்கும் பயிற்சியுள்ள கால்நடை நோய்க்குறியியலாளர் எல்லா ஊரிலும் இல்லை. டர்பனிலிருந்து ஆண்டர்ஸ்டெபோர்ட் 600 கிலோமீட்டருக்கு மேல். ஸ்லைடு ஸ்கேனர் இந்தத் தூரத்தைச் சுருக்குகிறது. கண்ணாடித் தகட்டை முழுவதுமாகப் படமெடுத்து அனுப்பினால், அங்கிருப்பவர் தன் திரையில் பெரிதாக்கிப் படிக்கலாம். ஒரு படமே ஒரு கிகாபைட் வரை போகும் என்பதால் சேமிப்புச் செலவு உண்டு. செல்களை எண்ண, பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான க்யூபாத் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. எண்ணுவதை இயந்திரத்திடம் விடலாம். எதை எண்ண வேண்டும் என்று சொல்ல இன்னும் ஆள் வேண்டும்.

அத்தைக்கு ஏன் இன்னும் வரவில்லை

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். அடுத்த முறை அப்படியொரு செய்தி வந்தால், இவற்றைத் தேடிப் பாருங்கள்:

1. கட்டியைக் காலிப்பரால் மட்டும் அளந்தார்களா, ஸ்லைடும் பார்த்தார்களா?
2. எந்த வம்சம்? நோயெதிர்ப்பு இல்லாத சுண்டெலியா? அப்படியென்றால் உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்தைப் பற்றி அது பெரும்பாலும் எதுவும் சொல்லாது.
3. எத்தனை விலங்கு?
4. ஸ்லைடைப் படித்தவருக்கு எது எந்தக் குழு என்று தெரியுமா?

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் காலம் எடுக்கும். நோயெதிர்ப்புச் செல்களின் தடையை நீக்கினால் சுண்டெலிகளின் கட்டி மறைகிறது என்று ஜேம்ஸ் ஆலிசனின் குழு 1996இல் வெளியிட்டது. அதே வழியில் வந்த மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2011இல். நோபெல் பரிசு 2018இல். மிக நன்றாக நடந்த ஒரு கதையிலேயே இடையில் 15 ஆண்டுகள். கீமோவில் இருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்வது கஷ்டம். ஆனாலும் “அடுத்த மாதம் வந்துவிடும்” என்று நம்பவைப்பதைவிட இது மேல். இன்று நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை எலிச் செய்தியை நம்பி யாரும் நிறுத்திவிடக் கூடாது.

உயிரும் மெழுகும்

புரட்டாசி முழுவதும் கவுச்சி தொடாத வீடுகளில் இந்த ஆய்வைப் பற்றி ஒரு நெருடல் இருப்பது இயல்பு. பிள்ளையாரின் வாகனத்தைக் கொன்றா மருந்து என்று ஒரு பாட்டி கேட்டால் அதை ஒதுக்கிவிட முடியாது. சட்டத்தின் பக்கம் சொல்வதென்றால், 1962ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொடுமையைத் தடுக்கிறது. ஆய்வுக்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். விலங்கைத் தொட்டு வேலை செய்பவருக்குத் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் வேண்டும். அறிவியலின் பக்கம், ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் 1959இல் முன்வைத்த மூன்று கடமைகள் இன்றும் நிற்கின்றன: முடிந்தால் விலங்கைத் தவிர், எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை.

நடுவிலுள்ள கடமையில் திசு ஆய்வகத்துக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. சரியாக நிலைநிறுத்தாத சதை என்றால் அந்த விலங்கு வீணாகச் செத்தது என்று பொருள். ஆய்வைத் திரும்பச் செய்ய இன்னொரு நாற்பது வேண்டும். சரியாகச் செய்த மெழுகுக் கட்டியோ பல பத்தாண்டுகள் இருக்கும், அதுவும் சாதாரண அறைச் சூட்டிலேயே. உறையவைத்த சதைக்கு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் வேண்டும். லோட்ஷெடிங் உச்சத்திலிருந்த 2023இல் ஃப்ரீசர் வைத்திருந்தவர்கள் ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டபடியே தூங்கியிருப்பார்கள். மெழுகுக் கட்டிக்கு மின்சாரம் வேண்டாம். வெயிலும் ஈரமும் படாத ஓர் இழுப்பறை போதும்.

பத்தாண்டுக்கு முன் இல்லாத ஒரு எதிர்பொருள் இன்று விற்பனைக்கு வருகிறது. ஒரு மாணவி புதிய கேள்வியோடு வருகிறாள். கோரின் தொழில்நுட்பர் பழைய பதிவேட்டில் எண்ணைத் தேடி, இழுப்பறையிலிருந்து ஒரு மெழுகுக் கட்டியை எடுத்து, பனிக்கட்டிமேல் வைத்துக் குளிரவிடுகிறார். சக்கரம் ஒரு சுற்று. 5 மைக்ரோமீட்டர். புதிதாக ஒரு சுண்டெலி கூட வேண்டியதில்லை.